'டெசர்ட்டட் ஐலண்ட் டைரி': விளையாடாதவர்களும் இந்த மங்காவுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

ஒரு தீவில் விலங்குகளோடு குடியிருந்து வாழும் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்ற வீடியோ கேமை ஒருநாளும் தொடாத ஒருவர், அதிலிருந்து பிறந்த 'டெசர்ட்டட் ஐலண்ட் டைரி' என்ற மங்காவை, அதாவது ஜப்பானியக் காமிக்ஸை, எடுத்துப் படிக்கலாமா? தாராளமாகப் படிக்கலாம். ஆனால் முதல் பக்கத்தைத் திறப்பதற்கு முன், அந்தத் தீவில் யார் யார் இருக்கிறார்கள், அங்கே என்னென்ன வழக்கம் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் புத்தகம் இன்னும் நன்றாகச் சுவைக்கும். தெரியாமல் போனால், ஒரு மரத்தை உலுக்குவதில் அப்படி என்ன ஆபத்து, டர்னிப் கிழங்கின் விலைக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்ற குழப்பத்திலேயே பாதிச் சிரிப்பு நழுவிவிடும். அந்தச் சிரிப்பு உங்களுக்கும் முழுதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் அடிப்படை விவரம். விளையாட்டு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியில் 2020 மார்ச் 20 அன்று வெளியானது. உலகம் முழுக்க ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த நேரம் அது. 4 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கின்றன. மங்காவை வரைந்தவர் கோகோனாசு ரும்பா. ஜப்பானில் ஷோகாகுகான் வெளியிடுகிறது. ஆங்கிலப் பதிப்பை விஸ் மீடியா கொண்டுவருகிறது. அதன் முதல் தொகுதி 2021 செப்டம்பரில் வந்தது. விஸ் புத்தகங்கள் நம் ஊர்ப் பெரிய புத்தகக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. எல்லா வயதினரும் படிக்கலாம்.

படி 1: எந்த மாதிரி மங்கா என்று தெரிந்துகொண்டு வாருங்கள்

இதுதான் மிக முக்கியமான படி, அதனால் முதலிலேயே சொல்கிறேன். விளையாட்டு அமைதியானது. அலை ஓசை கேட்கும், மெல்லிய கிதார் இசை வரும், நீங்கள் பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். மங்காவும் அப்படியே இருக்கும், கடலைப் பார்த்தபடி யாரோ தேநீர் குடிப்பார்கள் என்று எதிர்பார்த்து வருபவர்கள் முதல் அத்தியாயத்திலேயே திகைத்துப் போவார்கள். இது சத்தமான மங்கா. கண்கள் பிதுங்கும், வாய் காது வரை கிழியும், வியர்வை கொட்டும்.

காரணம் அது பிறந்த இடம். 'கோரோகோரோ' என்பது ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஷோகாகுகான் நடத்தும் மாத இதழ். 1977-இல் தொடங்கியது. நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த டோரேமான்தான் அந்த இதழ் பிறந்தபோது அதற்கு முதுகெலும்பு. பத்து வயதுப் பிள்ளை பள்ளிவிட்டு வந்து தரையில் குப்புறப்படுத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிக்க வேண்டும்; அந்த இதழின் நகைச்சுவை மங்காக்கள் அதற்காகவே எழுதப்படுபவை. இந்த மங்காவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அப்படியானால் இதில் மனசுக்கு இதம் எங்கே இருக்கிறது? இங்கே எதுவுமே கைவிட்டுப் போவதில்லை, அதில் இருக்கிறது. கீழே விழுந்தாலும், குளவி கொட்டினாலும், கையில் இருந்த காசெல்லாம் கிழங்கில் முடங்கினாலும், மறுநாள் காலை தீவு அங்கேயே இருக்கும். யாரும் யாரையும் வெறுப்பதில்லை. தோற்றவரைத் தீவைவிட்டு அனுப்புவதில்லை. விளையாட்டின் ஆழத்தில் இருக்கும் இந்தப் பத்திர உணர்வை மங்கா அப்படியே எடுத்துக்கொண்டு, அதன்மேல் கூச்சலையும் ரகளையையும் ஏற்றியிருக்கிறது. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

படி 2: வலமிருந்து இடம்

தமிழ் காமிக்ஸ் படித்துப் பழகிய கண்ணுக்கு முதல் நாள் கொஞ்சம் தடுமாறும். ஆங்கிலப் பதிப்பும் ஜப்பானிய வரிசையிலேயே இருக்கிறது. நாம் வழக்கமாகக் கடைசிப் பக்கம் என்று நினைப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வலது மேல் மூலைக் கட்டம் முதலில், பிறகு இடப்பக்கம், அப்புறம் கீழே. பேச்சு பலூன்களுக்கும் அதே வரிசைதான். நகைச்சுவை மங்காவில் இது ரொம்ப முக்கியம்: பதிலை முதலில் படித்துவிட்டுக் கேள்வியை அப்புறம் படித்தால் சிரிப்பு செத்துவிடும். சில பக்கங்களிலேயே கண் பழகிவிடும்.

படி 3: ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

மையத்தில் நான்கு பேர்: கோரோயுக்கி, ஹிமேபோயோ, பென்பென், குச்சான். நால்வரும் மனிதர்கள். ஆளில்லாத தீவுக்குக் குடிவந்து, முடிந்தவரை சந்தோஷமாக வாழ்வது என்று முடிவெடுத்தவர்கள். அந்த முடிவோடு கூடவே வம்பும் வருகிறது. விளையாட்டில் நீங்கள் இயக்கும் மனிதரின் இடத்தில்தான் இவர்கள் நிற்கிறார்கள். இவர்களை அறிய முன்னறிவு தேவையில்லை, படிக்கப் படிக்கப் பழகிவிடுவார்கள். முன்னறிவு உதவுவது சுற்றியுள்ள விலங்குகள் விஷயத்தில்தான்.

டாம் நூக்கிலிருந்து தொடங்குவோம். தீவுக்கு ஆட்களைக் கூட்டிவரும் தொழிலதிபர். ஆங்கிலத்தில் இவரை ரக்கூன் என்பார்கள். உண்மையில் இவர் தனுக்கி, ஜப்பானியக் காடுகளில் வாழும் நாய்க் குடும்பத்து விலங்கு. நாட்டுப்புறக் கதைகளில் தனுக்கி தலையில் ஒரு இலையை வைத்துக்கொண்டு வேறு உருவம் எடுக்கும், மனிதர்களை ஏமாற்றும். இந்த விளையாட்டில் மேசை, நாற்காலி எதையும் தரையில் போட்டால் இலையாக மாறிவிடும். கதை தெரிந்தவருக்கு அந்த இலையின் வேர் எங்கே என்று தெரியும். டாம் நூக்கைக் கடன்காரர் என்று உலகம் முழுக்கக் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் அவர் கொடுக்கும் கடனுக்கு வட்டி கிடையாது, கெடு கிடையாது, ஒருநாளும் வந்து கேட்க மாட்டார். இப்படி ஒரு கடன்காரர் நிஜத்தில் இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கும்.

டிம்மியும் டாமியும் 'நூக்ஸ் கிரானி' என்ற கடையை நடத்தும் சின்னப் பையன்கள். ஒருவன் பேசி முடித்ததும் மற்றவன் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வான். இசபெல் மஞ்சள் நிற நாய்ப்பெண், தீவின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். காலையில் விளையாட்டைத் திறந்ததும் அன்றைய செய்தி சொல்வது இவர்தான். செய்தி ஒன்றும் இல்லாத நாளில் தன் வீட்டுக் கதையைச் சொல்வார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் பிளாதர்ஸ். அருங்காட்சியகத்தை நடத்தும் ஆந்தை. பகலில் போனால் தூங்கிக்கொண்டிருப்பார், எழுப்ப வேண்டும். மீனையும் புதைபடிவத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார். ஆனால் பூச்சி என்றால் நடுங்குவார். பிடித்துவந்த பூச்சியை நீட்டினால் அருவருப்போடு விளக்கம் சொல்லிவிட்டு, கடமை என்று வாங்கிக்கொள்வார். அந்த அருங்காட்சியகத்தில் 80 வகைப் பூச்சிகளைச் சேர்க்க இடம் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்! ஒரு நகைச்சுவை மங்கா ஆசிரியருக்கு இவரைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்.

தையற்கடை நடத்தும் முள்ளெலி அக்கா தங்கைகளையும் கவனியுங்கள். மேபல் வாசலிலேயே கலகலப்பாக வரவேற்பாள். அக்கா சேபல் தையல் இயந்திரத்திலிருந்து தலை நிமிர மாட்டாள். விளையாட்டில் தினமும் போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால், பல நாள் கழித்து மெல்ல மனம் திறந்து தங்கள் பழைய கதையைச் சொல்வாள். அப்புறம் கலிவர், கரையில் மயங்கிக் கிடக்கும் கடற்பறவை. அவருடைய தொடர்புக் கருவியின் 5 பாகங்களை மணலில் தோண்டிக் கொடுத்தால்தான் ஊர் போய்ச் சேர்வார். சனிக்கிழமை வந்து கிதார் வாசிக்கும் வெள்ளை நாய் கே.கே. ஸ்லைடர்.

இவர்கள் தவிர, தீவில் குடியிருக்கும் விலங்குகள் 10 பேர். விளையாட்டில் மொத்தம் 400-க்கும் மேற்பட்ட விலங்குகள் உண்டு, அதனால் எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 8 குணவகைகள்தான் இருக்கின்றன: எந்நேரமும் சாப்பாட்டு நினைவில் இருக்கும் சோம்பேறி, உடற்பயிற்சிப் பைத்தியம், சிடுமூஞ்சிப் பெரியவர், தன்னழகில் மயங்கிய மைனர், சாந்தமான பெண், துள்ளிக்குதிக்கும் பெண், ஒய்யாரச் சீமாட்டி, எல்லாருக்கும் அக்காவாக நிற்பவள். புதிதாக ஒரு விலங்கு பக்கத்தில் வந்தால் இதில் எந்த வகை என்று பாருங்கள். அது அடுத்துச் செய்யப்போவதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

படி 4: தீவின் விதிகள்

விளையாட்டின் ஒவ்வொரு விதியும் ஒரு நகைச்சுவைக்கான விதை. விளையாடுபவர்கள் எல்லாரும் பட்ட அதே அவதியை மங்காவில் வேறொருவர் படும்போதுதான் 'அட, எனக்கும் இப்படித்தான்!' என்ற சிரிப்பு வருகிறது. விளையாடாதவர்களுக்காக முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

காசைப் பற்றி முதலில். தீவின் நாணயம் பெல்ஸ். அதோடு நூக் மைல்ஸ் என்று ஒன்று உண்டு. களை பிடுங்குவது, மீன் பிடிப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கிடைக்கும் புள்ளிகள். வந்து இறங்கியதும் ஒரு கூடாரம் கிடைக்கும், அந்தச் செலவை 5,000 மைல்ஸ் கொடுத்து அடைக்கலாம். அடைத்த கையோடு வீடு கட்டலாமே என்பார் டாம் நூக். அது 98,000 பெல்ஸ். அதையும் அடைத்தால் வீட்டைப் பெரிதாக்கலாம், அது 198,000. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். தீவில் எல்லாரும் எப்போதும் பணம் சம்பாதிக்க ஏதாவது குறுக்குவழி தேடுவதற்கு இதுதான் காரணம்.

சம்பாதிக்கும் வழிகளில் எளிமையானது பழம். தீவின் சொந்தப் பழம் ஒன்று 100 பெல்ஸ், வேறு தீவிலிருந்து வந்த பழம் 500. பறித்த மரம் மூன்று நாளில் மறுபடி காய்க்கும். மரத்தை உலுக்கினால் பழமும் விழும், சில மரத்தில் காசும் விழும், சில மரத்தில் குளவிக் கூடும் விழும். கொட்டினால் முகம் வீங்கி ஒரு கண் மூடிக்கொள்ளும். அப்படியே தீவில் நடந்தால் பார்க்கும் விலங்கெல்லாம் முகத்தைப் பற்றி விசாரிக்கும். வீக்கத்தோடு இன்னொருமுறை கொட்டு வாங்கினால் மயங்கி விழவேண்டியதுதான், கண் விழிக்கும்போது வீட்டு வாசலில் இருப்பீர்கள். மருந்து செய்ய ஒரு குளவிக் கூடும் மூன்று கட்டுக் களையும் வேண்டும். கடித்ததே மருந்துக்கும் வேண்டியிருக்கிறது. இந்த விளையாட்டை உருவாக்கியவர்களின் குறும்பு இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும்.

இரவில் டரண்டுலா என்ற பெரிய சிலந்தி வரும். வட அரைக்கோளத் தீவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, இரவு ஏழு மணிக்கு மேல். வலையோடு ஓடினால் திருப்பி ஓடிவந்து கடிக்கும், மயக்கம்தான். மெதுவாக, அது கால்களை உயர்த்தும்போதெல்லாம் அப்படியே நின்று, நின்று, நெருங்கிப் பிடித்தால் 8,000 பெல்ஸ். கோடை மாதங்களில் அந்த இடத்தைத் தேள் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து டர்னிப். ஞாயிறு காலை டெய்ஸி மே என்ற பன்றிக்குட்டி, தலையில் கிழங்குகளைச் சுமந்துகொண்டு விற்க வருவாள். மதியம் 12 மணியோடு போய்விடுவாள். ஒரு கிழங்கு 90 முதல் 110 பெல்ஸ் வரை. திங்கள் முதல் சனி வரை டிம்மி, டாமி கடையில் அதை விற்கலாம். விலை காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. ஒரு வாரம் 50-க்கு விழும், ஒரு வாரம் பல மடங்கு ஏறும். அடுத்த ஞாயிறு வந்தால் மிச்சமிருப்பது அத்தனையும் அழுகிவிடும். பங்குச்சந்தையின் ஆசையும் பயமும் முழுக்க ஒரு கிழங்குக்குள் இருக்கிறது. ஊரடங்கு நாட்களில் நல்ல விலை கிடைக்கும் தீவைத் தேடி, முன்பின் தெரியாதவர்கள் விளையாட்டுக்குள்ளேயே ஒருவர் தீவுக்கு ஒருவர் விமானம் ஏறிப் போனார்கள். கிழங்கு என்ற பேச்சு வந்தாலே முகங்கள் மாறுவது இதனால்தான்.

கடைசியாகக் காலம். இந்த விளையாட்டுக்குத் தனிக் கடிகாரம் இல்லை, உங்கள் கடிகாரம்தான். நீங்கள் இரவு பத்து மணிக்குத் திறந்தால் தீவிலும் இரவு பத்து, கடையை மூடியிருப்பார்கள். வட அரைக்கோளத்தில் ஏப்ரல் முதல் பத்து நாட்கள் செர்ரி பூக்கும், டிசம்பரில் பனி மூடும். விண்மீன் விழும் இரவில் வேண்டிக்கொண்டால், மறுநாள் காலை கரையில் விண்மீன் துண்டுகள் ஒதுங்கியிருக்கும். பல நாள் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டுத் திறந்தால் தீவு முழுக்கக் களை, வீட்டுக்குள் கரப்பான், உங்கள் தலைமுடி தூங்கி எழுந்த கோலத்தில்.

படி 5: ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம்

வேகமாகப் படிப்பவர் ஒரு தொகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். வேண்டாம் என்பது என் திடமான கருத்து. குழந்தைகள் இதழுக்காக எழுதப்படும் நகைச்சுவை அத்தியாயங்கள் தனித்தனியாக நிற்பவை. அடுத்த இதழ் வரும்வரை பிள்ளை அதையே திரும்பத் திரும்பப் படிக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. தொடர்ந்து படித்தால் அலறலும் ஓட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அலுப்புத் தட்டும். விளையாட்டையும் யாரும் ஒரே நாளில் முடிக்க முடியாது: ஒரு நாளைக்குக் கிடைக்கும் புதைபடிவங்களுக்கு அளவு உண்டு, வீடு கட்ட மறுநாள் வரை காத்திருக்க வேண்டும், சேபல் பேசுவதற்கு நாட்கள் ஆக வேண்டும். நாளுக்குக் கொஞ்சம் என்பது இந்தத் தீவின் அடிப்படைச் சட்டம். மங்காவையும் அதே அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு தூங்கப் போகும்முன் ஒன்று போதும்.

படித்த அத்தியாயத்தை உடனே இன்னொருமுறை புரட்டுங்கள், இந்தமுறை பலூன்களை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் பாருங்கள். முன்னால் நால்வரும் கத்திக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு விலங்கு என்ன முகத்தோடு நிற்கிறது, தரையில் என்ன கிடக்கிறது, மரத்தில் என்ன பழம். விளையாட்டில் நீங்கள் செய்வதும் சுற்றிச் சுற்றி வந்து கவனிப்பதுதானே.

ஆங்கிலத்தில் முதல் தொகுதியிலிருந்தே தொடங்குங்கள். கதை அறுபடும் என்பதற்காகச் சொல்லவில்லை. விளையாட்டு வளர்ந்த வரிசை அதில் தெரியும். புறா நடத்தும் காபிக் கடையும் படகோட்டி காப்பனின் படகுப் பயணமும் 2021 நவம்பரில் வந்த பெரிய புதுப்பிப்பில்தான் விளையாட்டுக்குள் வந்தன. ஆரம்ப அத்தியாயங்கள் அதற்கு முந்தைய தீவைக் காட்டுபவை, அங்கே அவற்றைத் தேட வேண்டாம்.

படி 6: பிள்ளைகளோடு படிப்பதானால், ஜப்பானிய மொழி கற்பவரானால்

வீட்டில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால் நீங்கள் தனியாகப் படிக்க வேண்டாம், சேர்ந்து படியுங்கள். ஆளுக்கு இரண்டு பாத்திரமாகக் குரல் பிரித்துக்கொள்ளலாம். ஆங்கில வசனத்தை அப்படியே வாசிக்காமல், படத்தைக் காட்டி உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். முகங்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுவதால் இது எளிதாக வரும். பிள்ளை விளையாட்டையும் ஆடுகிறதென்றால் இன்னும் நல்லது: விதிகளை அது உங்களுக்கு விளக்கட்டும். மேலே நான் சொன்னதைவிடத் தெளிவாகச் சொல்லும்.

ஜப்பானிய மொழி படிப்பவர்கள் மூலப் பதிப்பைத் தேடி வாங்கலாம். சிறுவர்களுக்கான வெளியீடு என்பதால் கான்ஜி என்ற சீன வழி எழுத்துக்களின் ஓரத்தில் உச்சரிப்பை ஹிரகானா என்ற எளிய ஒலியெழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அகராதியில் தேடுவது சுலபம். வசனங்கள் சிறியவை, அன்றாடப் பேச்சு.

படி 7: விளையாட்டையும் தொடலாமா?

கையில் ஸ்விட்ச் இருந்தால் தொடலாம். இதற்காகவே புதிதாக ஒன்று வாங்கச் சொல்லமாட்டேன், செலவு அதிகம். விளையாடும் நண்பர் இருந்தால் ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அதுவே போதும்.

பார்க்கும்போது மனதில் வைத்துக்கொள்ள ஒரு செய்தி. இந்தத் தொடரைத் தொடங்கியவர்களில் ஒருவரான கட்சுயா எகுச்சி, சிபாவில் இருந்த குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுவிட்டு நின்டெண்டோ வேலைக்காகக் கியோத்தோவுக்குப் போனவர். அங்கே அவரை வாட்டிய தனிமையிலிருந்துதான் இந்த விளையாட்டின் எண்ணம் பிறந்தது. வேலை முடிந்து நேரம் கழித்து வீடு திரும்பும் அப்பா, பிள்ளைகள் தூங்கிய பிறகு விளையாட்டைத் திறந்தாலும், அவர்கள் பகலில் அங்கே விட்டுவைத்ததைப் பார்க்கலாம், தானும் ஏதாவது விட்டுவைக்கலாம். அதன் முதல் வடிவம் 2001 ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் நின்டெண்டோ 64 என்ற பழைய விளையாட்டுக் கருவிக்கு வந்தது. நண்பரின் தீவுக்கு நீங்களும் போக வாய்த்தால், உங்கள் ஊர்ப் பழம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் அதை நட்டுவைத்துக்கொள்வார்.